அவ எடைக்கு எடை

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள் என் அக்கா, அவளுடைய மாமியார், அக்காவின் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை, அப்புறம் நான். இல்லாதவர்கள், பூண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வெள்ளனே கீழே சந்தைக்குப் போயிருந்த மச்சானும், பண்ணைக்காட்டில் எங்கள் வீட்டில் இருந்த அம்மாவும் அப்பாவும். இவர்களைத் தவிர எறும்புகள் இருந்தன. குளியலறைச் சிமெண்டுத் தரையில், தண்ணீர் ஓடி வெளியேறும் மூலையில், கறுப்பு நூலை இழுத்துவிட்டதுபோல வந்துகொண்டிருந்தன.

முதலில் பார்த்தது மாமியார்தான்.

"ஏ வாத்தியாரே, இங்க வெரசா வா!"

கொடைக்கானலில் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்த நான் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அதனால் மருந்துச் சீட்டு, கரண்ட் பில், செல்போனுக்கு வரும் ஆங்கில மெசேஜ் என்று இரண்டு வீட்டிலும் எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். இப்போது எறும்பும் வந்தது.

"இது என்னன்னு பாரு."

"எறும்பு, அத்தை."

"எறும்புன்னு எனக்குத் தெரியாதாக்கும்? இதுக்கா ஒன்னைய அம்புட்டுத் தூரம் படிக்க வச்சாக? எதுக்கு மொய்க்குதுன்னு கேக்கறேன். இப்பத்தான் ஒங்க அக்கா போயிட்டு வந்தா."

நான் குனிந்து பார்த்தேன். மூத்திரத்தில் எறும்பு மொய்த்தால் சக்கரை வியாதி என்பது எங்கள் மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் படித்த புத்தகத்திலும் ஏறக்குறைய அதுதான் இருந்தது. ஊர்ப் பேச்சும் பாடமும் ஒரே பக்கம் சேர்ந்து நின்றதால் நான் இன்னும் ஒரு தடவை குனிந்து பார்த்தேன். அதுவே மாமியாருக்குப் போதுமானதாக இருந்தது.

"முருகா, சக்கரை வந்திருச்சு. இருக்கறதே ஒண்ணு!"

அந்த 'ஒண்ணு'தான் விஷயம். ஆறு வருடங்களுக்கு முன்னால் அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோனது. அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு, எனக்குப் பதினெட்டு நிரம்பவில்லை. "ரெண்டு இருக்குல்ல, ஒண்ணை எடுத்துக்கோங்க" என்று அக்கா சொன்னாள், கடையில் தேங்காய் கேட்டவருக்குச் சொல்வதுபோல. மதுரை ஆஸ்பத்திரியின் வராண்டாவில் உட்கார்ந்துதான் பன்னிரண்டாம் வகுப்பின் கழிவுநீக்கப் பாடத்தைப் படித்தேன். ரத்தத்தை வடிகட்டும் ஒரு முடிச்சு, அதிலிருந்து சுற்றிச் சுற்றிப் போகும் ஒரு நீளமான நுண்குழல். இப்படிப் பத்து லட்சம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் இருப்பதாகப் போட்டிருந்தது. அக்காவின் பங்கில் சரிபாதி அப்பாவுக்குப் போகிறது என்று புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.

பெண் பார்க்க வந்தபோது இதை மறைக்கவில்லை. மாமியாராக வரப்போகிறவர் அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்பனுக்குக் குடுத்த பிள்ளை, எம் மகனுக்கு ஒரு வாய் கஞ்சி குடுக்காமலா போயிரும்?" என்று தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து எங்கள் அம்மாவிடம், "மதினி, ஒரு கிட்னி கொறச்சல்னு சொன்னீக, சரி. நாக்கு ஒண்ணு கூடுதல்னு ஒரு வார்த்தை சொல்லலையே" என்று கேட்டார்.

பிள்ளை தரித்தபோது டாக்டரம்மா சொன்னது ஒன்றுதான். பெற்றுக்கொள்ளலாம், பயமில்லை, ஆனால் மாதாமாதம் மூத்திரமும் பிரஷரும் பார்க்க வேண்டும். மிச்சமிருக்கும் அந்த ஒன்று அக்காவையும் பிள்ளையையும் சேர்த்துச் சுமக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏழு மாதமும் சுமந்தது. அதற்குள்தான் எறும்பு.

மாமியார் நேரே அடுப்படிக்குப் போனார். வெல்ல டின்னை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சீனி டப்பா பரணுக்குப் போனது. வளைகாப்புக்காக அம்மா கொடுத்தனுப்பிய மலைவாழைத் தாரைப் பண்ணைக்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, மடியில் குழந்தைபோல வைத்து நான் கொண்டுவந்திருந்தேன். அது உத்தரத்தில் தொங்கிப் பழுத்து, அன்றுதான் தோல் கறுக்கத் தொடங்கியிருந்தது. அதை அவிழ்த்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்.

அக்கா வாசற்படியில் நின்று தார் போவதைப் பார்த்தாள். எங்கள் ஊர் மலைவாழை என்றால் அவளுக்கு உயிர். தோல் கறுத்து, உள்ளே இறுகி, தேன்போல ஆனபிறகுதான் தின்பாள். அதற்காகவே மூன்று நாட்களாகத் தாரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, எறும்பும் அந்தப் பக்கமாத்தான் போகுது. அதையும் பக்கத்து வீட்டுக்கே அனுப்பிருங்க."

"வாயி! வாயிக்கு ஒரு குறையும் இல்ல."

அக்கா கேலியாகச் சொன்னாளே தவிர, அவள் கை இடது விலாவுக்குக் கீழே போய் நின்றிருந்தது. வலப்பக்கத்துச் சிறுநீரகத்தை அப்பாவுக்குக் கொடுத்திருந்தாள். அந்தக் கையைப் பார்த்த பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் செல்போன் சிக்னல் தண்ணீர்த் தொட்டிச் சுவருக்குப் பக்கத்தில் மட்டும்தான் கிடைக்கும், அதுவும் ஸ்பீக்கரில் போட்டு உயர்த்திப் பிடித்தால். எனவே எங்கள் குடும்பத்து ரகசியங்களைத் தொட்டிக்குத் தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். அன்றும் நான்கைந்து குடங்கள் நின்றன. மாமியார் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் அம்மா அழத் தொடங்கிவிட்டார். பிறகு அழுகை சட்டென்று நின்றது. அம்மா எங்களை விட்டுவிட்டு வேறொருவரிடம் பேசினார்.

"முருகா, அவளுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. நல்லபடியாப் பெத்துப் பொழைச்சு வந்துட்டா, அவ எடைக்கு எடை சீனி போடறேன். இந்தா, சொல்லிட்டேன்."

தொட்டியடியில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். பின்னால் வந்த வழக்குக்கு அவர்கள்தான் சாட்சி.

மறுநாள் மச்சான் ஜீப்பை எடுத்தார். முன்சீட்டில் மாமியார், பின்னால் அக்காவும் நானும். கொடைக்கானல் போகும்வரை பள்ளம் வரும்போதெல்லாம் "ஏலே, மெதுவா!" என்று மாமியார் மகனை அதட்டிக்கொண்டே வந்தார். "ரோடு போட்டவன்ட்ட சொல்லும்மா" என்றார் மச்சான்.

டாக்டரம்மா மூத்திரத்தைச் சோதித்தார். சர்க்கரை இருந்தது உண்மைதான், எறும்புகள் பொய் சொல்லவில்லை. மாமியார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு நர்ஸ் ஒரு பெரிய தம்ளரில் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டி, "முழுசும் குடிங்க" என்றார்.

மாமியார் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? சக்கரைன்னுதானே கூட்டியாந்திருக்கோம்? அதுக்குச் சக்கரைத் தண்ணியா?"

"டெஸ்ட்டுக்கு, பாட்டி. இதைக் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி ரத்தம் பாப்போம்."

"யாருக்குப் பாட்டி? இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு."

அக்கா தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, மாமியாரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தாள். "டாக்டர் சொல்லைத் தட்டக் கூடாது, அத்தை" என்று வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் காதில் மட்டும், "தம்பி, ரத்தத்துலயும் இருந்தா பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. "ஆவாது" என்றேன்.

அந்த இரண்டு மணி நேரத்தில் ஸ்கேனும் முடிந்தது. கடைசியில் டாக்டரம்மா கூப்பிட்டு எல்லாத் தாளையும் மேசையில் வரிசையாக வைத்தார். ரத்தத்தில் சர்க்கரை சரியான அளவு. தண்ணீரைக் குடித்த பிறகும் சரியான அளவு. மூத்திரத்தில் புரதம் இல்லை, பிரஷர் நன்றாக இருந்தது. பிள்ளை காலை உதைத்துக்கொண்டிருந்தது. ஸ்கேனில் இடது சிறுநீரகம் சாதாரணமாக இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"பெருசுன்னா வீக்கமா?" என்றார் மச்சான். உட்கார்ந்திருந்தவர் பாதி எழுந்துவிட்டார்.

"வீக்கம் இல்ல. வளர்ச்சி. நீங்க மூட்டை தூக்கி உங்க தோள் ஏறியிருக்கில்ல, அந்த மாதிரி." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க பயாலஜிதானே சார்? வடிகட்டறது கூடினா டியூபுல், அந்த நுண்குழல், என்ன பண்ணும்?"

இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் கேட்டதுபோல நான் எழுந்து நின்றேன். "அதுவும் சேர்ந்து கூடுதலாத் திருப்பி எடுக்கும் மேடம்."

"உக்காருங்க. அவ்வளவுதான் விஷயம்."

அவர் சொன்னதை இங்கே என் வார்த்தையில் சொல்கிறேன். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு டிரம் அளவுக்கு ரத்தத்திலிருந்து வடிகட்டி இறக்குகின்றன. அப்படியே விட்டால் மத்தியானத்துக்குள் மனிதன் வற்றிப்போவான். கீழே இறங்கியதை நுண்குழல்கள் வழியெல்லாம் பொறுக்கித் திரும்ப ரத்தத்தில் சேர்க்கின்றன, உப்பு, தண்ணீர், சர்க்கரை எல்லாவற்றையும். கடைசியில் வெளியே போவது ஒரு பாட்டிலோ இரண்டு பாட்டிலோதான். ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் மற்றதில் வடிகட்டுவது கூடும். கூடியதை விட்டுவிடாமல் பொறுக்க அதன் குழல்களும் தடித்து நீளும். அக்காவுக்கு அது அப்போதே நடந்துவிட்டது. பிள்ளை தரித்ததும் உடம்பில் ரத்தம் பெருகி வடிகட்டுவது இன்னும் கூடுகிறது, குழல்களும் இன்னும் ஓடுகின்றன. உப்பையும் தண்ணீரையும் எப்படியோ கணக்காகப் பிடித்துவிடுகின்றன. சர்க்கரையில் மட்டும் கொஞ்சம் கைதவறிப் போகிறது. இரண்டு சிறுநீரகம் உள்ள பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் இப்படி ஆவது உண்டு. ரத்தத்தில் மிகையாக இல்லாதவரை அது நோய் இல்லை.

"நல்லா வேலை பாக்குதுங்க இவங்க கிட்னி. கடைசிவரைக்கும் செக்கப்பை மட்டும் விட்றாதீங்க" என்றார் டாக்டரம்மா.

மச்சான் வெளியே வந்து ஜீப்பின் பானட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "போகக் கூடாதது போகுது, அதுக்குப் பேரு நல்லா வேலை பாக்கறதா?" என்று முனகினார். பழத்தாருக்குத் தடை நீங்கவில்லை.

வீட்டுக்கு முன்னால் களத்தில் அன்று பூண்டு பிரிக்கும் வேலை. நான் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் முடிச்சும் குழலும் வரைந்து மாமியாருக்கு விளக்கத் தொடங்கினேன். வகுப்பில் இதைப் படம் போட்டுத்தான் நடத்துவேன், பிள்ளைகள் தலையாட்டுவார்கள். மாமியார் படத்தை ஒரு பக்கமாகப் பார்த்தார், சுற்றி வந்து மறுபக்கமாகவும் பார்த்தார்.

"இது என்ன, பல்லியா?"

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "தம்பி, நீ தள்ளு" என்று எழுந்து வந்தாள்.

"அத்தை, அங்க பாருங்க. மூட்டையை அவுத்துத் தார்ப்பாய்ல மொத்தமாக் கொட்டறாக. நல்லது, பொடிசு, கல்லு, சருகு எல்லாம் ஒண்ணாத்தானே விழுது?"

"ஆமா."

"ரெண்டு பக்கமும் ஆளுக உக்காந்து நல்லதைப் பொறுக்கிக் கூடையில போட்டுக்கிட்டே தள்ளிவிடறாக. கடைசியில குப்பை மட்டும் வெளிய போகுது. கிட்னியும் இதைத்தான் பண்ணுதாம். மொதல்ல எல்லாத்தையும் கொட்டிட்டு, அப்புறம் பொறுக்குது."

"சரி."

"சரக்கு ரெட்டிப்பா வந்தா நீங்க என்ன செய்வீக?"

"தார்ப்பாயை நீட்டிப் போட்டு இன்னும் நாலு பேரை உக்கார வப்பேன். இது என்ன கேள்வி?"

"அதேதான்! எங்கிட்டயும் தார்ப்பாயை நீட்டிப் போட்டிருக்கு. அப்பாவுக்குக் குடுத்தப்பவே போட்டாச்சு. இப்ப இந்தப் பயலுக்காகச் சரக்கு இன்னும் கூட வருது. பொறுக்கற வேகத்துல ஒண்ணு ரெண்டு நல்ல பூண்டு குப்பையோட போயிருது. போன வாரம் நீங்களே குப்பைக்குள்ள இருந்து எடுத்தீகளே. அதுக்காகப் பொறுக்கினவளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னா சொன்னீக?"

களத்தில் இருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமியார் தார்ப்பாயைப் பார்த்தார், அக்காவின் இடுப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஆளு தூங்கறாளா, இல்ல சரக்கு கூடவா?"

டாக்டரம்மா பத்து நிமிடம் பேசியதும் நான் மூன்று வருடம் படித்ததும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருந்தன.

"சரக்குதான் கூட, அத்தை. ஆளு நல்லா முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கு."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? பல்லி படம் போட்டுக்கிட்டு." அவர் அப்படியே திரும்பிப் பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏத்தா! அந்தத் தாரு மிச்சம் ஏதும் கெடக்கா?"

முக்கால்வாசி கிடந்தது. தோல் நன்றாகக் கறுத்திருந்தது. அக்கா களத்து ஓரத்தில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று உரித்துக்கொண்டே போனாள். "போதும், போதும், எறும்புக்கும் ரெண்டு வையி" என்றார் மாமியார். மறுநாள் காலை எறும்புகள் வந்தபோது அவர் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, "சரக்கு கூட" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை நான் கேட்டேன்.

வளைகாப்பில் பட்டர்ஃப்ரூட் மரத்தடியில் நாற்காலி போட்டு அக்காவை உட்கார வைத்தார்கள். பெண்கள் சந்தனம் பூசி இரண்டு கை நிறைய வளையல் போட்டார்கள். கடைசி மாதம் வாரம் தவறாமல் ஜீப் கொடைக்கானல் போய்வந்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா உள்ளே போனதும் நாங்கள் மூன்று பேரும் வெளியே கதவைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அவள் வெளியே வந்து, "ஆளு முழிச்சிருக்கு" என்று சொன்னதும்தான் மச்சான் டீக்கடைப் பக்கம் நடப்பார்.

பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்று அது போட்ட சத்தத்தைக் கேட்டு, "நாக்கு வந்திருச்சு" என்று மாமியார் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சில வாரங்கள் கழித்துச் சோதித்தபோது மூத்திரத்தில் சர்க்கரை இல்லை. குளியலறை மூலையில் எறும்புகளும் இல்லை. மாமியார் ஒரு நாள் குனிந்து தேடிக்கூடப் பார்த்தார்.

பிறகுதான் வழக்கு. எடைக்கு எடை சீனி என்று அம்மா நேர்ந்துகொண்டது யாருடைய எடைக்கு?

"அவ எடைக்குன்னுதானே சொன்னாக? பொறந்தது பொண்ணு. அப்ப 'அவ'ன்னா எம் மகதான். முருகனுக்கு அப்பவே தெரியும் மாப்ள. நாலு கிலோவோட சோலி முடிஞ்சுது" என்றார் மச்சான்.

"நான் எம் மகளை நெனைச்சுத்தான் சொன்னேன்" என்றார் அம்மா.

"நெனைச்சது கணக்கு இல்ல, சொன்னதுதான் கணக்கு. வாத்தியாரைக் கேப்போம். 'அவ'ன்னா யாரு?"

'அவள்' என்பது முன்னால் சொல்லப்பட்ட பெண்ணைக் குறிக்கும், அப்போது குழந்தை ஆணா பெண்ணா என்றே தெரியாது, எனவே அது அக்காவைத்தான் குறிக்கும் என்று நான் இலக்கணப்படி தீர்ப்புச் சொன்னேன். மச்சான் என்னை ஒரு வாரம் மாப்ள என்று கூப்பிடவில்லை. அம்மாவுக்கும் அந்தத் தீர்ப்பில் நிறைவு இல்லை. "சாமிட்ட எதுக்கு வெளையாட்டு? ரெண்டு பேரையும் சேத்தே போட்டுருவோம்" என்று முடித்துவிட்டார்.

பண்ணைக்காட்டில் எங்கள் தெரு முருகன் கோயில் சின்னது, அங்கே துலாபாரத் தராசு கிடையாது. மச்சான் பூண்டு நிறுக்கும் பெரிய தராசையே ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்து பலாமரக் கிளையில் கட்டினார். எத்தனை கழுவியும் பூண்டு வாசம் போகவில்லை. ஒரு தட்டில் பட்டுச்சேலையோடு அக்கா, மடியில் குழந்தை. மறுதட்டில் கடைக்காரர் சீனிப் பைகளை ஒவ்வொன்றாக ஏற்றினார். கூட்டமாக நின்றவர்கள், "இன்னும் போடு, இன்னும் போடு" என்று கத்தினார்கள். "நான் என்ன குண்டா? பிள்ளைதான் கனம்" என்றாள் அக்கா. முள் நடுவில் வந்து நின்றது. அறுபத்தொன்றே முக்கால் கிலோ.

அக்கா இறங்கக் காலை எடுத்தபோது, கூட்டத்தில் நின்ற அப்பா தன் வலது அடிவயிற்றில் கையை வைத்தார். புதிய சிறுநீரகத்தை அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.

"இருங்கப்பா. அவ எடையில கொஞ்சம் இங்கயும் கெடக்கே. நானும் ஏறி உக்காரணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவின் கை இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"ஏலே, அது என்ன எடை இருக்கும்?"

"நூத்தைம்பது கிராம் இருக்கும்மா. அதுவும் ஒத்தையா வேலை பாத்து வளந்திருக்கும். இருநூறுன்னு வச்சுக்கோங்க."

"சாமிக்குக் கொறைச்சுப் போடக் கூடாது. அண்ணே, இன்னொரு கால் கிலோ கட்டுங்க."

கடைக்காரர் கட்டினார். அப்பாவே அதை வாங்கிப்போய்த் தட்டில் வைத்தார். தட்டு கொஞ்சம் கீழே இறங்க, அக்காவும் குழந்தையும் கொஞ்சம் மேலே போனார்கள்.

அறுபத்திரண்டு கிலோ சீனி, கிலோ நாற்பத்து நான்கு. மொத்தம் இரண்டாயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு ரூபாய், அதில் அப்பாவிடம் இருப்பதற்குப் பதினோரு ரூபாய்.